புல் வெட்டும் வண்டியை எதிர்த்து ஒரு வேட்புமனு

பால் வாங்கப் போன இடத்தில் என்னை நானே எதிரில் பார்த்தேன். பேகம்பூர் கடைத்தெரு முக்கில், மின்கம்பத்துக்கும் மெடிக்கல் ஷாப்புக்கும் நடுவே, நிஜத்தைவிட இரண்டு மடங்கு உயரத்தில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தேன். முகம் என்னுடையதுதான், பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம். கை என்னுடையது இல்லை. எவளோ ஒரு புண்ணியவதியின் சிவந்த கையை, நான் ஜென்மத்தில் போட்டிராத கல்வளையலோடு வெட்டி ஒட்டியிருந்தார்கள். எனக்குப் பின்னால் ஒரு கங்காரு. கங்காருவுக்குப் பக்கத்தில் லண்டன் மணிக்கூண்டு. "ஆஸ்திரேலியா மாநகராட்சித் தேர்தலில் களம் காணும் பேகம்பூரின் பெண் சிங்கம், அக்கா ஜமீலா பேகம் அவர்கள் வெற்றி பெற வாழ்த்தும்" என்று எழுதி, கீழே என் தம்பி காதரும் அவனுடைய பதினோரு சிநேகிதர்களும் வரிசையாகச் சிரித்தார்கள். அந்தத் தேர்தலில் ஓட்டு உள்ள ஒரே ஒரு ஜீவன்கூட திண்டுக்கல் ஜில்லாவில் கிடையாது, என்னைத் தவிர. நானோ பால் தூக்குடன் வாய் பிளந்து நின்றேன்.

முக்கில் இருந்த டீக்கடை மாஸ்டர் என்னையும் ஃபிளெக்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்கா, நீங்கதான அது?" என்றார். கையைத் தவிர மற்றதெல்லாம் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். 

"உங்க வார்டுல தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருதுக்கா?"

"பைப்பத் தொறந்தா வரும்ப்பா."

"நெசமாவா? ரோடு?"

"ரோடு நல்லாத்தான் இருக்கு."

"சாக்கடை?"

"கண்ணுலயே படாது."

மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்தினார். "அப்பறம் என்ன எழவுக்குக்கா எலெக்‌ஷன்ல நிக்கிறீங்க?"

"மையத்த அடக்கத்தாம்ப்பா" என்றேன். மையம் என்றால் இறந்தவர் உடல் என்று பேகம்பூரில் ஒருவருக்கும் விளக்கவேண்டாம். மாஸ்டர் டீயைக் கையில் கொடுத்து, காசு வேண்டாம் என்றார். அவரிடம் பாதியில் விட்டதை இங்கே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். ஊரில் இருப்பவர்களும் படிக்கட்டும், என்னைப்போல் ஊரைவிட்டு ஓடியவர்களும் படிக்கட்டும்.

ஆஸ்திரேலியாவில் நான் இருக்கும் மெர்ரிங்டன் என்ற நகரம் உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆஸ்திரேலியக்காரர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. ஆடு, கோதுமை, ஒரு பெரிய இறைச்சிக்கூடம், தூங்கி வழியும் ஒரு கடைத்தெரு, அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரர் அந்த இறைச்சிக்கூடத்தில் தோலுக்கு உப்புப் போடும் கொட்டகையில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தார். பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவருக்கு, பூமிப்பந்தின் அடியில் போய் இறங்கியும் தோல் விடவில்லை. நான் அங்குள்ள முதியோர் இல்லத்தில் சமையல்காரி. மசித்த உருளைக்கிழங்கில் ஒருவருக்கும் தெரியாமல் மிளகு போடுவதுதான் என் வாழ்க்கையின் பெரிய கலகமாக இருந்தது. 

ஊருக்கு மேற்கே ஒரு மேட்டில் பச்சைப் பசேலென்று ஒரு தோட்டம் உண்டு. ரோஜாச்செடி, மரப்பெஞ்சு, குடிக்கத் தண்ணீர்க் குழாய், எல்லாம் இருக்கும். போன புதிதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நானும் அவரும் புளிச்சோறு கட்டிக்கொண்டு அங்கே போய்ச் சாப்பிடுவோம். நாலாவது வாரம்தான், தரையில் பதித்திருந்த பித்தளைத் தகடுகளைக் குனிந்து படித்துவிட்டு அவர் சொன்னார்: "ஜமீலா, இது பார்க் இல்ல. மையவாடி." நான் கல்லறைக்குப் பக்கத்தில் அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் நாங்கள் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் அவர் மவுத்தானபோது அங்கே போகவேண்டி வந்தது. அந்த இடம் மாநகராட்சியுடையது. கிரெய்க் என்ற அதிகாரி பார்த்துக்கொள்கிறார்; பாவம், பூ மாதிரி மனிதர். மையத்தை வலப்பக்கமாகச் சாய்த்து, முகம் மக்கா இருக்கும் திசையைப் பார்க்கும்படி கிடத்தவேண்டும் என்று நான் சொன்னேன். அவர் காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தார். அங்கே குழிகள் எல்லாம் ஒரே நீளவாக்கில் இருக்கின்றன. எங்களுக்குக் குறுக்குவாக்கில் வெட்டவேண்டும். இடம் இல்லாமல் இல்லை, மதத்தின் மேல் வெறுப்பும் இல்லை. புல் வெட்டும் வண்டிதான் பிரச்சினை என்றார். வண்டி வரிசையோடு நேராகப் போய் நேராக வரும். நடுவில் ஒன்று குறுக்கே கிடந்தால் வண்டி திரும்பாது. சொல்லும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது. 

பேகம்பூரில் மதியத் தொழுகை லுஹருக்கு மூச்சு நின்றால் சாயங்காலத் தொழுகை அஸருக்குள் அடக்கம் முடிந்துவிடும். கடைக்காரர்கள் பாதி ஷட்டரை இறக்குவார்கள், பஸ் நின்று வழிவிடும், முன்பின் தெரியாதவன்கூட பத்தடி தூரம் தோள் கொடுப்பான். என் மனிதரை ஒரு வெள்ளை வேனில் ஏற்றி, நாலு மணி நேரம் நெடுஞ்சாலையில் மாநிலத் தலைநகரத்துக்குக் கொண்டுபோனோம். வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார்கள். டிரைவர் காபி வாங்கப் போனார். நான் வேனில் அவரோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு புல்லுக்காகவா இந்த மனுஷனுக்கு இந்த அலைச்சல் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகைகூட அப்புறம்தான் வந்தது.

ஊரில் பொம்பளைகள் மையவாடிக்குள் போவதில்லை. ஆஸ்திரேலியாவில் போகலாம், ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் நாலு மணி நேரம் போகவேண்டும், நாலு மணி நேரம் வரவேண்டும். மூன்று வருஷத்தில் ஏழு தடவைதான் அவரைப் போய்ப் பார்த்திருக்கிறேன். இனி மெர்ரிங்டனில் சாகப்போகிற நம்மவர்களுக்கும், ஆப்கானியர்களுக்கும், சோமாலியர்களுக்கும் அந்த வேன்தானா என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. அதனால் நாற்பத்து மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கி, மேட்டின் ஓரமாக ஒரு துண்டு நிலத்தை எங்களுக்கென்று ஒதுக்கும்படி மாநகராட்சிக்கு மனுக் கொடுத்தேன். வாங்கிய அதிகாரி, "எங்களிடம் விட்டுவிடுங்கள்" என்றார், அப்படி ஒரு புன்சிரிப்போடு. விட்டுவிட்டேன். முடிந்துவிட்டது என்று நினைத்து நாற்பத்து மூன்று வீட்டுக்கும் சேமியா பாயசம் காய்ச்சிக் கொடுத்தேன். ஏழு மாதம் கழித்துத்தான் விளங்கியது: திண்டுக்கல்லில் நாம் அரைத் தூக்கத்தில் "பாத்துக்கலாம்" என்று சொல்வோமே, அதேதான் அது. கோட்டுப் போட்டு வந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. மாநகராட்சிக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து கேட்டபோது எங்கள் வார்டு கவுன்சிலர் கென் எழுந்து, புல் வெட்டும் வண்டியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். இருபது வருஷமாகக் கவுன்சிலர், அதற்கு முன் ஆட்டுச்சந்தையில் ஏலம் விடுபவர். நிறுத்தாமல் பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நான் வீட்டுக்கு வந்து முதல் வேலையாக வேட்புமனுத் தாளை வாங்க ஆள் அனுப்பினேன்.

ஆள் என்றால் ஹெதர். ஓய்வுபெற்ற நூலகர், பக்கத்துத் தெரு. நியாயம் எங்கே குறைந்தாலும் ஹெதருக்கு மூக்கில் வேர்த்துவிடும். அவர்தான் எனக்குத் துண்டறிக்கை எழுதினார், என்னை வீடு வீடாகக் கூட்டிப்போனார். ஒரே ஒரு விஷயத்தில் நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. "திட்டத்தைப் பற்றி மட்டும் பேசு" என்று அவர் சொல்ல, எனக்கு வார்டு எலெக்‌ஷனில் காதால் கேட்டு வளர்ந்த பேச்சுதான் நாக்கில் நின்றது. ஒரு பெரியவர் கதவைத் திறந்தார். "என்னை உங்கள் வீட்டு மகளாக நினைத்து ஓட்டுப் போடுங்கள்" என்றேன், ஆங்கிலத்தில்தான். அவர், "என் மகளும் நானும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். இன்னொரு வீட்டில் ஒரு அம்மாள், என் சமையலைத் தின்றுகொண்டிருக்கும் அக்கா ஒருத்தி முதியோர் இல்லத்தில் இருப்பதாகச் சொல்லி, "சூப்பில் மிளகு போடுவது நீதானா?" என்று கேட்டார். பொய் சொல்ல மனம் வரவில்லை. "அதை நிறுத்திவிடாதே" என்று காதோடு சொன்னார். அன்றைக்கு எனக்கு ஒரு ஓட்டு உறுதியானது.

இந்த நேரத்தில்தான் தம்பி மகள் நஸ்ரினுக்கு நிக்காஹ் வைத்துவிட்டான் காதர். "எலெக்‌ஷன் கெடக்கு, வாக்கா" என்று ஒரே பிடி. பதினைந்து நாள் லீவில் ஓடி வந்தேன். வந்து பார்த்தால் வாசலில் பந்தக்கால், முக்கில் ஃபிளெக்ஸ். ஒட்டன்சத்திரத்திலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கிய காய்கறிக்கு நடுவே காதர் நாற்காலி போட்டு உட்கார்ந்து மனு வாங்கிக்கொண்டிருந்தான். விளையாட்டில்லை, நிஜ மனு. ஃபிளெக்ஸைப் பார்த்த ஜனங்கள், சாக்கடை அடைப்பு, ரேஷன் கார்டு, வேடசந்தூர் மில் பஸ் நிற்காமல் போவது என்று எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். "ஏண்டா, நான் இந்த ஊருக்கா நிக்கிறேன்?" என்று கேட்டால், "குடுத்தா வாங்கிக்கணும்க்கா, வேணாங்கக் கூடாது. மரியாதையில்ல" என்றான். அதுவும் வாஸ்தவம்தான். அந்த மரியாதைதான் என்னை வம்பில் மாட்டிவிட்டிருந்தது. அதை அப்போது நான் வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

சொல்வதற்கு என்னைப் பெற்ற அத்தாவிடமிருந்து ஆரம்பிக்கவேண்டும். எனக்கு இருபது வயதாக இருக்கும்போது எங்க அத்தா இதே வார்டில் சுயேச்சையாக நின்றார். சின்னம் சீப்பு. அத்தா தலையில் ஒற்றை முடி கிடையாது. ஊரே சிரித்தது, அத்தாவும் சேர்ந்து சிரித்தார். எதிர்த்து நின்றவர் பூ மண்டி மாணிக்கம் மாமா. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பிரசாரம் முடிகிற அன்று சாயங்காலம் வேட்பாளர் ஒரு வீடு விடாமல் போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டும், கல்யாணத்துக்குச் சொல்வதுபோல. எதிர்த்து நிற்பவன் வீட்டையும் விடக்கூடாது. விட்டால் அது பகை என்று அர்த்தம். அத்தா வெள்ளைச் சட்டை போட்டு, கூட என்னையும் கூட்டிக்கொண்டு மாணிக்கம் மாமா வீட்டுக்குப் போனார். காபி வந்தது. "மாப்ள, நீங்க எனக்குத்தான் ஓட்டுப் போடணும்" என்றார் அத்தா. "ஒங்களுக்குப் போடாம வேற யாருக்குப் பாய்? என் ஓட்டு ஒங்களுக்குத்தான், ஒங்க ஓட்டு எனக்கு" என்றார் மாமா. இரண்டு பேரும் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். அது ஒரு பேச்சு, அவ்வளவுதான். அத்தா மறுநாளைக்கு மறுநாள் பூத்துக்குப் போய், நிஜமாகவே மாணிக்கம் மாமாவுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, சோற்றுக்கு உட்காரும்போது சொன்னார். அம்மா கையிலிருந்த கரண்டியை விட்டெறிந்தார். அத்தா தோற்றார், எத்தனை ஓட்டில் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேசக் கூடாது.

நிக்காஹுக்காக ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் நானும் வெள்ளைத் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, தூக்குச்சட்டி நிறைய மட்டன் பிரியாணியோடு கென் வீட்டுக்குப் போனேன். போகாமல் விமானம் ஏறியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்காது. அவர் சாக்ஸ் காலோடு கதவைத் திறந்தார். "உங்கள் ஓட்டைக் கேட்க வந்தேன்" என்றேன். மனிதர் சிரித்த சிரிப்பில் உள்ளே நாய் குரைத்தது. மனைவி இறந்து தனியாக இருக்கிறார் போலிருக்கிறது, அடுப்பங்கரை மேடையில் ஒரே ஒரு தட்டு கவிழ்த்திருந்தது. நின்றபடியே சாப்பிட்டார். ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "இந்த ஆட்டுக்கு ஒன்றரை வயது" என்றார். கசாப்புக்கடையில் சொன்னதும் அதேதான். அத்தா தோலைத் தடவியே ஆட்டின் வயதைச் சொல்வார். இவர் கடித்துச் சொல்கிறார். அந்த இடத்தில் எனக்கு அந்த மனிதரின் மேல் இருந்த கோபம் கொஞ்சம் தளர்ந்துவிட்டது. என்ன செய்வது, அப்படி ஒரு பாழாய்ப்போன மனசு.

அங்கே ஓட்டுச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. நிற்பவர்கள் எல்லாருக்கும் எண் போடவேண்டும்: ரொம்பப் பிடித்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு, இப்படி. எண்ணிக்கையில் கடைசியாக வருபவரைக் கழித்துவிட்டு, அவர் சீட்டுகளில் யாருக்கு இரண்டு போட்டிருக்கிறதோ அவருக்கு அந்த ஓட்டைச் சேர்த்துவிடுவார்கள். அதனால் வேட்பாளர்கள் தங்கள் துண்டறிக்கையிலேயே, எனக்கு ஒன்று போடு, இன்னாருக்கு இரண்டு போடு என்று அச்சடித்துக் கொடுப்பார்கள். எங்கள் வார்டில் மூன்று பேர்: நான், கென், வீடு விற்கும் தரகர் ஜேஸன். கென் இரண்டாவது தட்டுப் போட்டுக்கொண்டே கேட்டார்: "உன் தாளில் எனக்கு இரண்டு போடச் சொல்கிறாயா? என் தாளில் உனக்குச் சொல்கிறேன்." என் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் கேட்கும்போது இல்லை என்று சொல்லி எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் பழக்கமில்லை. சரி என்றேன். அவர் கை நீட்டினார். நான் நெஞ்சில் கை வைத்தேன். அவரும் எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டார். வாசல்வரை வந்தபோது, "அந்த மையவாடி விஷயம்?" என்று மெதுவாகக் கேட்டேன். "அது வேறு, இது வேறு" என்று சொல்லிவிட்டார்.

பேகம்பூரில் வந்து இறங்கிய மூன்றாம் நாளிலிருந்து விடியற்காலை பஜ்ர் பாங்கும் ஹெதரின் போனும் ஒன்றாக வர ஆரம்பித்தன. அங்கே அவருக்குக் காலை பத்து மணி. கென் ஊரெல்லாம் சொல்லிவிட்டிருக்கிறார். "நீ யாரை எதிர்த்து நிற்கிறாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா?" என்றார் ஹெதர். "இருக்கிறது, அதனால்தான் அவர் வீட்டுக்குப் போனேன்" என்றேன். ஹெதர் ஒவ்வொன்றாக அடுக்கினார். கையெழுத்துப் போட்ட சோமாலியப் பையன்கள் கோபமாக இருக்கிறார்களாம். மனுவைத் தூக்கிப் போட்டவனுக்கே ஓட்டைத் தாரைவார்ப்பதா என்று கேட்கிறார்களாம். ஜேஸன் இரண்டாம் எண்ணை மாற்றிக்கொள்ளத் தயார், மையவாடி விஷயத்தையும் கவனிக்கிறேன் என்கிறாராம். திங்கட்கிழமை தாள் அச்சுக்குப் போகவேண்டும். "கென்னிடம் ஒரு வரி எழுது, தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று சொல், யாரும் உன்னைக் குறை சொல்லமாட்டார்கள்" என்று கெஞ்சினார். ஹெதர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் எனக்குப் பயம். என் அசட்டு மரியாதையால் கென் ஜெயித்து, அந்தத் துண்டு நிலம் இன்னொரு இருபது வருஷத்துக்குப் புல்லாகவே கிடந்தால், வேனில் போகிற ஒவ்வொரு மையத்துக்கும் நான் அல்லவா பதில் சொல்லவேண்டும்? சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. கல்யாண வீட்டில் சாப்பாடு இறங்காத ஆளை விடுவார்களா? அம்மா இரண்டே கேள்வியில் எல்லாவற்றையும் கறந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நிக்காஹுக்கு மாணிக்கம் மாமா வந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார், கையில் தடி, பின்னால் ஒரு ஆள் கூடை நிறைய மல்லிகைச் சரம் சுமந்து வந்தான். நேரே என்னிடம்தான் வந்தார்.

"ஏத்தா ஜமீலா, முக்குல பாத்தேன். கங்காரு நல்லாருக்கு. எதுத்து நிக்கிறவன் வீட்டுக்குப் போனியா?"

"போனேன் மாமா. பிரியாணி குடுத்தேன். ஓட்டும் தாரேன்னு சொல்லித் தொலச்சிட்டேன். இப்ப எல்லாரும் என்னய ஏசுறாக."

"அட, அது ஒரு மரியாதைக்குச் சொல்றதுதான? ஒங்க அத்தாவும் நானும் சொல்லிக்கிறலயா? அதுக்காவ யாராச்சும் போட்டுருவாகளா?"

பந்தலுக்குள்ளிருந்து அம்மா குரல் வந்தது. "போட்டாரே! பாவி மனுசன், போட்டுட்டு வந்து சோத்துல கைய வச்சுக்கிட்டுச் சொன்னாரே!"

மாமா திரும்பினார். "யாருக்கு மதினி?"

"ஒங்களுக்குத்தேன்! வேற யாருக்கு?"

மாமா பக்கத்து நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். "நெசமாவா? எனக்குத் தெரியாதே தாயி. நான் எனக்குத்தான் போட்டேன்" என்றார். பிறகு, "அம்புட்டு வெள்ளந்தியாவா இருந்தாரு பாயி" என்றார். கண்ணைத் துடைத்தார். மறுபடி தலையை ஆட்டிக்கொண்டார். "தெரிஞ்சிருந்தா, அவரு கேட்டுக்கிட்டே கெடந்த அந்த ரெண்டாவது தெரு லைட்ட மொதல்ல போட்டுருப்பேனேத்தா. அஞ்சு வருசம் இழுத்தடிச்சு கடைசியால்ல போட்டேன்." எனக்குச் சிரிப்பும் வந்தது, அத்தாவை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் போட்ட ஒரு ஓட்டு அன்றைக்குத்தான் எண்ணப்பட்டது.

திங்கட்கிழமை பாங்கு சொல்லி முடிவதற்குள் நானே ஹெதருக்குப் போன் போட்டேன். "இரண்டாம் எண் கென்னுக்கு" என்றேன். கென்னும் மாணிக்கம் மாமா மாதிரி மரியாதைக்குச் சொல்லியிருந்தால் என்ன செய்வாய் என்றார் ஹெதர். கதையை முந்தின நாளே அவருக்குச் சொல்லியிருந்தேன். அப்படியென்றால் தோற்பேன், ஆனால் கொடுத்த வாக்கை ஒரு வரி எழுதித் திரும்ப வாங்க எனக்குத் தெரியாது என்றேன். தைரியமாகச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள், ஹெதர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் துண்டித்துவிட்டேன். போனை வைத்ததும் காதர் அடுப்பங்கரை நிலையில் சாய்ந்துகொண்டு, "ஒனக்கும் அத்தா புத்திதாங்க்கா. அத்தா தோத்தாருங்கிறது ஞாபகம் இருக்குல்ல?" என்றான். அம்மா எனக்கு மட்டும் ஆப்பத்தில் கூட ஒரு கரண்டி தேங்காய்ப்பால் ஊற்றினார்.

மெர்ரிங்டனுக்குத் திரும்பியபோது என் வீட்டுத் தபால்பெட்டியில் கென்னின் துண்டறிக்கை கிடந்தது. கென் ஒன்று, ஜமீலா இரண்டு, ஜேஸன் மூன்று. மனிதர் அச்சடித்தே விட்டார். வாசலில் நின்று அதை நாலு தடவை படித்தேன். என் ஓட்டுச்சீட்டில் ஒன்றை எனக்குத்தான் போட்டுக்கொண்டேன். அத்தா அளவுக்கு நான் நல்லவள் இல்லை. எண்ணி முடித்தபோது நான் மூன்றாவது. என்னைக் கழித்து, என் சீட்டுகளைப் பிரித்ததும், ஜேஸனுக்குப் பின்னால் இருந்த கென் முன்னால் போய் ஜெயித்துவிட்டார். ஹெதர் என்னோடு மூன்று வாரம் பேசவில்லை. காதர் மட்டும் சளைக்காமல், "வாக்களித்த ஆஸ்திரேலியப் பொதுமக்களுக்கு நன்றி" என்று வேறொரு ஃபிளெக்ஸ் வைத்துப் படம் எடுத்து அனுப்பினான். இந்தத் தடவை கங்காரு இல்லை, கிளி இருந்தது.

கென் ஒரு வார்த்தை பேசவில்லை, எட்டிப் பார்க்கவும் இல்லை. அது வேறு, இது வேறு என்று அவர் சொன்னதுதான் நடக்கிறது என்று நினைத்தேன். புதிய மாநகராட்சியின் இரண்டாவது கூட்டத்துக்கு ஹெதர் என்னை வலுக்கட்டாயமாக இழுத்துப் போனார். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். கென் எழுந்தார். "புல் வெட்டும் வண்டியைப் பற்றி" என்று ஆரம்பித்தார். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன், ஹெதர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். போன சனிக்கிழமை தானும் கிரெய்க்கும் மேட்டுக்குப் போனதாகவும், தானே வண்டியில் ஏறி, மேற்கு ஓரத்துத் துண்டு நிலத்தில் குறுக்குவாக்கில் ஓட்டிப் பார்த்ததாகவும் கென் சொன்னார். வண்டி திரும்புகிறதாம். ஒரு வேலிக்கம்பத்தை மட்டும் இடித்துவிட்டாராம், அதைத் தன் செலவில் நட்டுக்கொடுக்கிறாராம். இருபது வருஷமாக ஓட்டிப் பார்க்காமலே பேசிவிட்டேன் என்று சொல்லி, நிலத்தை ஒதுக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். எல்லாரும் கையைத் தூக்கினார்கள். நான் அத்தனை பேர் முன்னால் ஓவென்று அழுதேன். வெட்கமே இல்லை எனக்கு. பெட்ரோல் பங்க்கில் வேனில் உட்கார்ந்து அழாததையும் சேர்த்து அழுதேன்.

எங்க வீட்டுக்காரரை மெர்ரிங்டனுக்குக் கொண்டுவர முடியாது. அடக்கியவரைக் கிளறவேண்டாம் என்று தலைநகரத்துப் பள்ளிவாசல் இமாம் சொல்லிவிட்டார். அவர் அங்கேயேதான் இருப்பார். காதர் போனில், "அக்கா, வயசான காலத்துல இங்க வந்துரு. அத்தாவ அடக்கின எடத்துக்குப் பக்கத்துலயே எடம் கெடக்கு" என்கிறான். உயிரோடு இருக்கும்வரை அந்த மையவாடிக்குள் எனக்கு அனுமதி இல்லை. நாலு பேர் தோளில் போனால்தான் அத்தாவை ஒட்டிப் படுக்கலாம். இதையெல்லாம் யோசித்துக்கொண்டே, நிலம் அளக்கிற அன்று காலையில் மேட்டுக்குப் போனேன். கிரெய்க் முளைக்குச்சிகளும் சுத்தியலும் கொண்டுவந்திருந்தார். கென் கயிற்றோடு நின்றார். கைபேசியில் திசை பார்த்துச் சொன்னேன். கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, மறுமுனையோடு கென் மேற்கே நடந்துபோய் முளையை ஊன்றினார். முதல் குழி யாருக்கென்று எழுதிக்கொள்ளலாமா என்று கிரெய்க் தயங்கித் தயங்கிக் கேட்டார். இங்கே இருக்கும் முஸ்லிம்களில் நான்தான் வயதில் மூத்தவள் என்று மூன்று பேருக்குமே தெரியும்.

அந்தப் பேச்சை மாற்றுவதற்காகத்தான் கென் இதைக் கேட்டிருக்கவேண்டும். கயிறு போகும் திக்கில் கண்ணை இடுக்கிப் பார்த்து, "உன் ஊர் அந்தப் பக்கம்தானே?" என்றார்.

"இல்லை, அது மக்கா. என் ஊர் இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்."

கென் குனிந்து முளையைப் பாதி உருவிவிட்டார். "எவ்வளவு என்று சொல், நகர்த்திவிடலாம்" என்றார். கேலி இல்லை, நிஜமாகத்தான் கேட்டார். கிரெய்க் சுத்தியலைத் தரையில் வைத்தார். மக்காவைவிட்டு நகர்த்தக் கூடாது என்று எனக்குத் தெரியும்; கொஞ்சம் வலப்பக்கம் ஊர் இருக்கிறது என்பதும் தெரியும். கயிற்றின் முனை என் கையில் இருந்தது.